யாரு போட்டா?

ஆக்சிஜன் முகமூடியை அப்பா மூன்றாவது முறையாகப் பிடித்து இழுத்தபோது அவள் இரண்டு கைகளாலும் அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகியிருந்த கைபேசி நழுவிக் கட்டிலில் விழுந்தது. அதற்குள்ளிருந்து அண்ணனின் குரல் போர்வையோடு பேசிக்கொண்டிருந்தது.

“அப்பா, வந்துக்கிட்டே இருக்கேன். கேக்குதாப்பா? பாலத்துக்கிட்ட வந்துட்டோம்...”

“வேணாம்ப்பா, கையை விடுங்க. இதைக் கழட்டினா மூச்சு முட்டும்.”

எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதருக்கு எங்கிருந்து அத்தனை பலம் வந்தது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் இரும்பைத் தூக்கிய கை. முழங்கை வரைக்கும் தீப்பொறி தெறித்த புள்ளிகள், அம்மைத் தழும்பு போல. அந்தக் கையோடு மல்லுக்கட்டுவது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. விட்டுவிடவும் பயமாக இருந்தது.

நர்ஸ் ஓடிவந்து முகமூடியின் பட்டையை இழுத்து இறுக்கினாள். படுக்கைக்குப் பக்கத்திலிருந்த இயந்திரம் கத்துவதை நிறுத்தியது.

“மெஷின் காத்தை உள்ள தள்ளுது, இவரு வெளியே தள்றாரு. பயந்துபோய் இருக்காருக்கா. மனசு அமைதியாச்சுன்னா மெஷினோட சேர்ந்து மூச்சு விட்டுருவாரு. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. அவருக்குப் பிடிச்சதா ஏதாவது.”

அவர் கண்ணைத் திறந்தார். முகமூடிக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது.

“வந்துட்டானா?”

“வந்துட்டே இருக்கான்ப்பா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பதிலை நேற்றிரவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது.

அண்ணன் அம்மா வயிற்றிலிருந்தே பத்து நாள் தாமதமாகத்தான் வந்தான். அதனால் வீட்டில் அவனுக்கு ‘லேட்டு’ என்றே பேர் விழுந்துவிட்டது. “டேய் லேட்டு, சாப்பிட வா.” “லேட்டு எங்கடி?” பள்ளிக்கூடத்துக்கு லேட்டு, தன் கல்யாணப் பதிவுக்கே முக்கால் மணி நேரம் லேட்டு. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மா செத்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பையோடு வந்து வாசலில் நின்றான். அப்பா அவனை உள்ளே விடவில்லை. “பெத்தவளுக்கே நேரத்துக்கு வராதவன் எனக்கு வரவே வேணாம். போ” என்றார். அவன் போய்விட்டான். நான்கு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. முந்தாநாள் காலையில், டாக்டர் வந்துவிட்டுப் போன பிறகு, சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “அவனை வரச் சொல்லு.”

அவன் துறைமுகத்தில், மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தான். அங்கிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம். லீவு கிடைத்து நேற்றிரவுதான் கிளம்ப முடிந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு டேங்கர் கவிழ்ந்து, இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. இப்போது மணி பதினொன்று.

அவள் கைபேசியை எடுத்தாள். “அண்ணா, எறங்கி நட. பாலத்தை நடந்து தாண்டிட்டு அந்தப் பக்கம் ஏதாவது வண்டியைப் பிடி.”

“போலீஸ் விட மாட்டேங்கறான் பாப்பா. கீழ எண்ணெய் கொட்டிக் கிடக்கு.”

“கால்ல விழு. என்ன வேணா பண்ணு. வா.”

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருஷமாக இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் கையிலிருக்கும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு; கற்றுக்கொள்பவர் பதறினால் அவள் மிதிப்பாள், வண்டி நின்றுவிடும். இப்போது அப்பாவின் நெஞ்சு ஏறி, இறங்க மறந்து, அப்படியே நிற்கும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தானாகவே ஆஸ்பத்திரித் தரையை அழுத்தியது.

பிடித்ததாகப் பேச வேண்டும். அவருக்கு என்ன பிடிக்கும்? இரும்பு பிடிக்கும். சர்க்கரை தூக்கலாக டீ பிடிக்கும். பிறகு அந்தக் கால்பந்து மேட்ச்.

“அப்பா, மேட்ச்சுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? மொத மொதல்ல போனது. ஸ்டேடியத்துக்கு.”

அவருடைய புருவம் அசைந்தது.

“நாம ரெண்டு பேரும் ரயில்ல—”

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. கை மறுபடியும் முகமூடியை நோக்கிப் போனது. “அவன்” என்றார். “அவன்.” இயந்திரம் கத்த ஆரம்பித்தது.

இது புதிதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன், வெளிநோயாளிகள் வரிசையில், பக்கத்திலிருந்தவரிடம் அப்பா அந்தக் கதையைச் சொன்னார்: “என் பையனைப் பத்து வயசுல கூட்டிட்டுப் போனேன்.” அவள் சிரித்துக்கொண்டே, “அப்பா, அது நான். எனக்கு எட்டு வயசு” என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீயா? உனக்குக் காய்ச்சல். அம்மாகூட வீட்ல கெடந்தே.” காய்ச்சலைக்கூட மாற்றி எடுத்துக்கொண்டுவிட்டார். நெருப்பாகக் கொதித்துக்கொண்டு கிடந்தவன் அண்ணன். கடைசி நேரத்தில், டிக்கெட் வீணாகப் போகிறதே என்று, அவளுக்குத் தலையைப் படிய வாரி அனுப்பினாள் அம்மா. அந்த வீட்டில் சைக்கிளிலிருந்து மழைக்கோட்டு வரைக்கும் எல்லாமே அண்ணனிடமிருந்து இறங்கித்தான் அவளுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்தது. ஆனால் வந்த பிறகு அது அவளுடையது. அப்பாவோடு தனியாக அவள் கழித்த ஒரே ஒரு முழு நாள்.

அன்றைக்கு அவள் அவரோடு வாதாடவில்லை. வயசாகிவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் மனசுக்குள், என்றாவது ஒருநாள் அவரே தலையில் தட்டிக்கொண்டு ‘அட, ஆமா, நீதானே’ என்பார் என்று ஒரு ஓரத்தில் வைத்திருந்தாள்.

இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் எழுபத்தெட்டிலிருந்து எழுபத்தாறாயிற்று.

“ஆமாப்பா” என்றாள் அவள். “அண்ணனைத்தான் கூட்டிட்டுப் போனீங்க. அண்ணனும் நீங்களும்.”

கை கீழே இறங்கியது.

“அவனுக்குப் பத்து வயசு. எனக்குக் காய்ச்சல், நான் வீட்ல. காலையிலேயே ரயில் ஏறிட்டீங்க. ஜன்னல் ஓரத்துல அவன்.”

எண் எழுபத்தொன்பது. எண்பது. அவள் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

“அந்த ஸ்டேடியத்துல கேலரிக்குக் கைப்பிடிக் கம்பி போட்டது நீங்கதானே. மூணு மாசம் அங்கயே கெடந்தீங்க. வேலை முடிஞ்சதும் மேஸ்திரி ரெண்டு டிக்கெட் குடுத்தாரு. உள்ள போனதும் அவன் புல்லைப் பார்க்கிறான். அவ்வளவு பச்சையை அவன் பார்த்ததே இல்லை. நீங்க கம்பியைப் பார்க்கறீங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டா தட்டித் தட்டிப் பார்க்கறீங்க. ‘டேய், இது நான் வச்ச வெல்டு, இது நான் வச்ச வெல்டு’ன்னு.”

முகமூடிக்குள் உதடு லேசாக விரிந்தது. மூச்சு இயந்திரத்தோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது.

“ஆட்டக்காரங்க ஓடிவந்தாங்க. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. ‘இவங்க வேற என்னப்பா வேலை பார்ப்பாங்க?’ன்னு அவன் கேட்டான். ‘வேற வேலை இல்லடா, பந்து உதைக்கறதுதான் வேலை. எனக்கு வெல்டிங் மாதிரி’ன்னீங்க. ‘அப்ப திங்கக்கிழமையும் உதைப்பாங்களா’ன்னான். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க.”

அதைக் கேட்டது அவள். அந்தச் சிரிப்பில் அவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சட்டையில் இரும்பு வாசனையும் சோப்பு வாசனையும் அடித்தது. அவள் அதையும் சொன்னாள். “அவனைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டீங்க” என்று சொன்னாள். அவளுடைய பூப்போட்ட கவுனை அண்ணனின் கோடுபோட்ட சட்டையாக்கினாள். ஆரஞ்சுச் சுளையை அப்பா உரித்து உரித்து அவன் வாயில் போட்டார். மழை நாலு தூறல் போட்டபோது செய்தித்தாளை மடித்துத் தொப்பி செய்து அவன் தலையில் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து அண்ணனிடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கொடுக்கக் கொடுக்க எண் எண்பத்திரண்டில் நின்றது.

இடைவேளை வரைக்கும் சொல்லி முடித்தபோது மணி ஒன்றரை. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் விழித்துக்கொள்வாரோ என்று உட்கார்ந்தே இருந்தாள்.

டாக்டர் வந்து சிகிச்சைக் குறிப்பேட்டைப் பார்த்தாள். சின்ன வயது, காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவள். அவளை வாசல்பக்கம் கூப்பிட்டாள்.

“ரத்தத்துல கரியமில வாயு ஏறிட்டே இருக்கு. மாஸ்க் வச்சு இதுக்கு மேல முடியாது. டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சா உங்க அண்ணன் வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். ஆனா மயக்கத்துலதான் இருப்பாரு. யாரையும் தெரியாது. அதுலேர்ந்து திரும்ப எடுக்க முடியும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“போடலைன்னா?”

“இன்னிக்குத்தான்” என்றாள் டாக்டர். “அரை மணி நேரத்துல சொல்லுங்க.”

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிக்கொண்டிருந்தான், மூச்சு இரைத்தது. பாலத்தைத் தாண்டிவிட்டான், காய்கறி வண்டி ஒன்று ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“போடச் சொல்லு” என்று அலறினான். “யோசிக்கவே வேணாம், போடச் சொல்லு. பாப்பா, நான் அவரை உசிரோட பார்க்கணும். கண்ணு தெறக்கலைன்னாலும் பரவாயில்ல. இன்னொரு தடவை என்னால முடியாது. கேக்குதா? இன்னொரு தடவை முடியாது.”

“கேக்குது.”

“போடச் சொல்றியா?”

“சொல்றேன்.”

உள்ளே வந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் இதே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவர் டாக்டரிடம் சொல்லியிருந்தார்: “ஆயுசு பூரா குழாய்க்கும் குழாய்க்கும் பத்தவச்சாச்சு. எனக்குள்ள ஒண்ணு வேணாம்மா.” எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவள் குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

“அப்பா, தொண்டையில டியூப் போடலாங்கறாங்க. அண்ணன் வர்ற வரைக்கும். போடலாமா?”

அவர் கண் திறக்கவில்லை. போர்வைக்கு மேல் கிடந்த கை மட்டும் கொஞ்சம் எழும்பி, இடமும் வலமும் ஒருமுறை அசைந்தது. வேலைநேரத்தில் யாராவது தீப்பொறிக்குப் பக்கத்தில் வந்தால் அப்படித்தான் அசைப்பார்: தள்ளிப் போ.

“அண்ணனைப் பார்க்க வேணாமா?”

கை அசையவில்லை. மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கோர்த்தது. அது முகமூடியின் அழுத்தத்தாலும் இருக்கலாம்.

அவள் வாசலுக்குப் போய் டாக்டரிடம் வேண்டாம் என்றாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் பேரின் நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, திரும்ப நுழைத்தாள். அண்ணனுக்கு, ‘ஏற்பாடு பண்றாங்க, நீ வா’ என்று ஒரு செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கைபேசியின் ஒலியை அணைத்தாள்.

“அப்பா, ரெண்டாவது பாதி.”

அவளுக்கு அதற்குமேல் அதிகம் ஞாபகமில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு இரண்டாவது பாதியில் கால் வலித்தது, ஒன்றுக்கு வந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றது. அதனால் இட்டுக்கட்டினாள். நீலச்சட்டைக்காரன் ஒருவன் கீழே விழுந்தான் என்றாள். நாய் ஒன்று மைதானத்துக்குள் ஓடியது, காவலாள் துரத்தினான் என்றாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்றாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும் கம்பத்தில் பட்டது. எண் எழுபதுக்குக் கீழே போயிற்று. அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளுடைய கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. கோலை மட்டும் அவள் சொல்லவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அது ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. நர்ஸ் வந்து, அவள் தோளைத் தொட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த துணித்திரையை இழுத்து மூடினாள்.

“அப்பா, கடைசி அஞ்சு நிமிஷம். எல்லாரும் எழுந்துட்டாங்க. பின்னாலேர்ந்து அத்தனை ஜனமும் கம்பி மேல வந்து சாயுது. நீங்க அவனை முன்னால நிறுத்தி, ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டீங்க. அவன் உங்க கைக்குள்ள. ஜனம் தள்ளுது. கம்பி லேசா முனகுது. நீங்க பந்தைப் பார்க்கவே இல்லை. குனிஞ்சு வெல்டையே பார்க்கறீங்க. தாங்குதா, தாங்குதான்னு. அப்பத்தான்ப்பா, அப்பத்தான் கோல் விழுந்துச்சு. ஊரே கத்துது. கம்பி தாங்கிடுச்சு. ஒரு ஜாயின்ட் விடலை. நீங்க நிமிர்ந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு. பார்த்தது அவன் ஒருத்தன்தான்.”

அவர் கண்ணைத் திறந்தார். அவளைத்தான் பார்த்தார், அவளைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. முகமூடிக்குள் உதடு அசைந்தது. அவள் காதை வைத்தாள்.

“யாருடா போட்டா?”

அன்றைக்குக் கேட்டதும் அதுதான். ‘யாரு போட்டா? சொல்லு, சொல்லு, நான் பார்க்கலை.’ ரயிலில் வீடு வரைக்கும் அவள் அதை ஆறு தடவை சொன்னாள். பெட்டியிலிருந்தவர்களுக்கெல்லாம் சொல்ல வைத்தார்.

“ஏழாம் நம்பர்ப்பா” என்றாள். “இடதுகால்ல. கீப்பர் அந்தப் பக்கம் விழுந்தான், பந்து இந்தப் பக்கம் போச்சு.”

அவர் நெஞ்சு ஏறியது. இறங்கியது. அவள் காத்திருந்தாள். தரையை மிதித்தாள். இயந்திரம் மட்டும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து அதை நிறுத்தியபோதுதான் அந்த அறை எவ்வளவு சத்தமாக இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. மூன்று மணி பத்து நிமிஷம்.

அண்ணன் வந்தபோது மூன்று ஐம்பது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியும் ஏறி வந்திருந்தான். பேண்ட்டில் முழங்கால்வரை எண்ணெய்க்கறை. சட்டையில் எங்கேயோ ஒட்டிய கீரை இலை. அவள் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் உள்ளே ஓடினான். அவள் கூடவே போகவில்லை. உள்ளேயிருந்து “அப்பா” என்று ஒரே ஒரு தடவை கேட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

“டியூப் போட்டாங்களா?”

“நேரம் இல்லண்ணா.”

அவன் தலையாட்டினான். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் தேய்த்தான். எண்ணெய் நெற்றியில் அப்பிக்கொண்டது.

“என்னைக் கேட்டாரா?”

“உன்னைத்தான் கேட்டாரு. ரெண்டு நாளா உன்னை மட்டும்தான்.”

“கோபமா?”

“இல்ல. கடைசிவரைக்கும் உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தோம். உன்னை மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனதை.”

“எந்த மேட்ச்?”

“ஸ்டேடியத்துக்கு. கம்பி வேலை முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போனாரே. உனக்குப் பத்து வயசு.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அழுது வீங்கிய கண்ணைச் சுருக்கி யோசித்தான்.

“எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் பாப்பா” என்றான். “கம்பளிக்குள்ள கெடந்து அழுதேன். நீதானே போனே?”

அவள் கையிலிருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள்.

அப்பாவை எடுத்துப்போக வராந்தாவின் கோடியிலிருந்து சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தரை துடைக்கும் பெண் வாளியை இழுத்துக்கொண்டு வந்து, வார்டு வாசலுக்கு எதிரே ஈரத்துணியை வீசித் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தாள்.

“கொஞ்சம் நில்லுங்க. வழுக்கும். காயட்டும்.”

ஊழியர்கள் நின்றார்கள். அண்ணன் எழுந்து நின்றான். அவளும் எழுந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.